ஒரு பிளேடு எத்தனை போர்வை தாங்கும்?

நெல்லைச் சந்திப்புப் பக்கம் எனக்கு இரண்டு டெய்லர் கடைகள் வாடிக்கை. பிளவுஸ், சுடிதார் வெட்டியது போக மிஞ்சுகிற பிட்டுத் துணிகளைச் சாக்கில் கட்டி ஓரமாகப் போட்டு வைத்திருப்பார்கள். மாதம் ஒரு தடவை போய் எடுத்து வருவேன். துவைத்து, இஸ்திரி போட்டு, சதுரம் சதுரமாக வெட்டி, ஒன்றோடொன்று இணைத்து, நடுவில் பஞ்சு விரிப்பு வைத்து, அடியில் ஒரு முழுத்துணி கொடுத்துத் தைத்தால் குயில்ட் என்கிற ஒட்டுப் போர்வை. நம் வீடுகளில் ஆச்சிமார் பழைய சேலையை நாலைந்து மடிப்பாக அடுக்கிக் கையால் நூலோட்டிப் பச்சைப்பிள்ளைக்கு விரித்தார்களே, அதற்கு நெருங்கிய சொந்தம்.

இந்த வேலையில் தைப்பதைவிட வெட்டுவதுதான் கஷ்டம். ஒரு சதுரம் ஒரு நூல் அளவு பிசகினாலும் பத்தாவது சதுரத்தில் மூலை மூலையோடு சேராது. முதலில் கத்திரியால்தான் வெட்டிக்கொண்டிருந்தேன். 2018-இல் அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வந்த பெரியம்மா மகள் ஒரு ரோட்டரி கட்டர் கொண்டுவந்து கொடுத்தாள். சோமாஸ் ஓரம் வெட்டுகிற சக்கரக் கரண்டியை நினைத்துக்கொள்ளுங்கள், அதே மாதிரி பிடியும் உருளும் சக்கரமும். சக்கரத்துக்குப் பதில் வட்டமான பிளேடு, சுற்றளவு முழுக்கச் சவர பிளேடு போலக் கூர்மை. நான் வைத்திருப்பது 45 மில்லிமீட்டர் விட்டம் உள்ளது. 18, 28, 60 அளவுகளிலும் உண்டு.

"மூணு போர்வைக்கு ஒரு பிளேடு போதும்ட்டி" என்று சொல்லிவிட்டு அக்கா பிளேன் ஏறிவிட்டாள். எனக்கு முதல் பிளேடு அரைப் போர்வைகூடத் தாங்கவில்லை. இரண்டாவதும் அப்படித்தான். இப்போது புதிதாக ஆரம்பிக்கிற பெண்கள் என்னிடம் "அக்கா, பிளேடு எவ்வளவு நாள் வரும்?" என்று கேட்கும்போதெல்லாம் அந்த இரண்டு பிளேடும்தான் நினைவுக்கு வரும். என்ன நடந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதல் பிளேடு போனதற்குக் காரணம் தரை. அக்கா கட்டரை மட்டும் கொடுத்தாள். அதற்கென்று அடியில் போடும் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு, கட்டிங் மேட் என்பார்கள், அது வேறு வேண்டும், அதை இங்கே வாங்கிக்கொள் என்றாள். "மேட் வாங்கணும்" என்று வீட்டில் சொன்னதும் என் மாமியார், "பத்தமடைப் பாய் ரெண்டு கெடக்கே, எதுக்குப் புதுசு?" என்று கேட்டார்கள். பாய் வேறு, இது வேறு என்று விளக்கிவிட்டு, மேட் வந்து சேரும்வரை பொறுக்காமல், மொசைக் தரையில் பழைய காலண்டர் அட்டையைப் போட்டு வெட்டினேன். அட்டை ஒரே நாளில் கிழிந்தது. கிழிந்த இடத்தில் எல்லாம் பிளேடு தரையைத் தொட்டிருக்கிறது. மொசைக்கில் இருப்பது கல். அதில் ஒரு தடவை உருண்டால் போதும், கூர் மடங்கிவிடும். அட்டையும் நல்லதல்ல. காகிதம், அட்டை எல்லாமே துணியைவிட வேகமாகக் கூரைத் தின்னும். மேட் வாங்கும்வரை கட்டரைத் தொடாதீர்கள் என்பது நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது.

இரண்டாவது பிளேடுதான் எனக்குப் பாடம் எடுத்தது. மேட் வந்துவிட்டது, அக்ரிலிக் ஸ்கேலும் வந்துவிட்டது. நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் நீளமாக ஒரு பட்டை வெட்டிவிட்டு எடுத்தால் துணி பிரியவில்லை. இடையிடையே ஒன்றிரண்டு நூல் அறுபடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. இன்னொரு பட்டை, அதிலும் அப்படியே. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் கவனித்தேன், அறுபடாத இடங்கள் இஷ்டத்துக்கு இல்லை, சமமான இடைவெளியில் இருந்தன. இஞ்ச் டேப்பை வைத்தேன். ஐந்தரை இஞ்சும் கொஞ்சமும். அடுத்தது, மறுபடி ஐந்தரையும் கொஞ்சமும்.

பக்கத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த மகன்தான் சொன்னான்: "அம்மா, 45-ஐ 22 பெருக்கி 7-ஆல வகுத்தா 141 மில்லிமீட்டர் வருது. அது அஞ்சரை இஞ்சுக்கு மேல." அதாவது பிளேடு ஒரு சுற்றுச் சுற்றும் தூரம். வட்டத்தில் ஏதோ ஓரிடத்தில் கூர் உடைந்தோ மடங்கியோ பல் விழுந்திருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் பல் துணியைத் தொடும் இடத்தில் மட்டும் நூல் அறுவதில்லை. பிளேடைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் மெதுவாகத் திருப்பினால் கூர் முழுக்கக் கருப்பாக இருக்க, ஒரே ஒரு இடத்தில் ஊசிமுனை அளவுக்குப் பளிச்சென்று ஒரு வெள்ளைப் புள்ளி. நல்ல கூர் ஒளியைத் திருப்பித் தராது. மடங்கின இடம்தான் மின்னும்.

இதை ஒரு தடவை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. சம இடைவெளியில் நூல் நின்றால் பிளேடில் பல் விழுந்திருக்கிறது. அங்கங்கே தாறுமாறாக நின்றால், வட்டம் முழுக்க மழுங்கிவிட்டது. முதலாவது விபத்து, இரண்டாவது வயசு. இந்த வித்தியாசம் தெரிந்த பிறகுதான் பிளேடின் ஆயுளைப் பற்றி என்னால் யோசிக்கவே முடிந்தது.

பல் எங்கிருந்து வந்தது? அன்று வெட்டிய துணிகளைக் கிளறினேன். ஆரி வொர்க் போட்ட கல்யாண பிளவுஸின் பிட்டு ஒன்று கிடந்தது. வேலைப்பாடு எல்லாம் பிளவுஸோடு போய்விட்டது, ஓரத்தில் தனியாக ஒரே ஒரு கண்ணாடி மணி மட்டும் தைத்தபடி இருந்தது, கடுகைவிடப் பெரிதில்லை. அதில் பாதிதான் மிச்சம். மற்றப் பாதியைப் பிளேடு உடைத்திருக்கிறது. அமெரிக்காவில் கடையில் வாங்கின புதுக் காட்டன் துணியை வெட்டுகிற அக்காவுக்கு இந்தப் பிரச்சினை வந்திருக்கவே வராது. நம்மூர் பிட்டுச் சாக்கில் என்னதான் இல்லை? சம்கி, கல், ஜரிகை பார்டர், கொக்கி, மறந்துபோன குண்டூசி, கேன்வாஸ் ஒட்டிய காலர் துண்டு. ஜரிகையில் உலோகம் இருக்கும், அதற்கு மேலே பிளேடை ஓட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இப்போது சாக்கைக் கொட்டினவுடன் ஒவ்வொரு பிட்டையும் உள்ளங்கையால் இரண்டு பக்கமும் தடவிப் பார்ப்பேன். கண்ணுக்குத் தப்புவது கைக்குத் தப்பாது. ஜரிகைத் துணியும் கல் வைத்த துணியும் நேராகக் கத்திரிக்குப் போய்விடும். குண்டூசி குத்தினபடியே வெட்டுவது கிடையாது, பக்கத்தில் இஸ்திரிப் பெட்டியை வைத்துக்கொண்டு மடிப்பை அழுத்திவிட்டால் துணி நகராது.

அடுத்தது தூரக் கணக்கு. அக்காவின் மூன்று போர்வையும் என்னுடைய மூன்று போர்வையும் ஒன்றல்ல என்று இதைப் போட்டுப் பார்த்த பிறகுதான் விளங்கியது. ஐந்து இஞ்ச் சதுரம், குறுக்கே 13, நெடுக்கே 18, மொத்தம் 234. கால் இஞ்ச் தையல் போக ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைந்த அகலம், ஆறேமுக்கால் அடி நீளம், ஒரு ஆள் போர்த்திக்கொள்ளலாம். 44 இஞ்ச் அகலப் புதுத்துணியில் வெட்டினால் ஒரு பட்டைக்கு எட்டுச் சதுரம், முப்பது பட்டை. பட்டை வெட்டவும் அதைக் குறுக்கே துண்டு போடவும் சேர்த்துச் சுமார் 63 மீட்டர். துணியை இரண்டாக மடித்து வெட்டினால் பிளேடு உருள்வது அதில் பாதி, 32 மீட்டர்தான்.

பிட்டுத் துணியில் அப்படி முடியாது. ஒவ்வொரு துண்டும் ஒரு கோணல். ஒவ்வொரு சதுரத்துக்கும் நாலு பக்கமும் வெட்ட வேண்டும். நாலு பக்கம் இருபது இஞ்ச், அதை 234-ஆல் பெருக்கினால் 119 மீட்டர். அக்காவின் பிளேடு உருண்டதைப் போல நாலு மடங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு. பிளேடு துணியில் மட்டும் தேய்வதில்லை, ஒவ்வொரு உருளலிலும் அடியில் மேட்டையும் கீறிக்கொண்டு போகிறது. அதனால் உருளும் தூரத்தைக் குறைத்தாலே ஆயுள் கூடும்.

இப்போது நான் செய்வது இது. பிட்டுகளை முதலில் கத்திரியால் தோராயமாக ஆறு இஞ்சுக்கு நறுக்கிக்கொள்வேன். நாலு துண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து இஸ்திரி போட்டு ஒட்டிவைத்த மாதிரி ஆக்கிவிட்டு, மொத்தமாக நாலு பக்கம். 119 மீட்டர் 30 மீட்டர் ஆகிவிடும். நாலு மடிப்பு என்பது சாதாரணக் காட்டனுக்கு. ஆறு, எட்டு என்று ஏற்றினால் பிளேடை அழுத்த வேண்டியிருக்கும், அழுத்தினால் கூர் மேட்டுக்குள் ஆழமாக இறங்கும், லாபம் அங்கேயே போய்விடும்.

அழுத்துவதைப் பற்றி என் மாமியார் சொன்னதைச் சொல்ல வேண்டும். அவர்கள் முக்கூடல்காரர்கள். பன்னிரண்டு வயதில் பீடித்தட்டைக் கையில் எடுத்தவர்கள், நாற்பது வருஷம் பீடி சுற்றினார்கள். நனைத்துத் துணியில் சுற்றிவைத்த இலையின்மேல் தகட்டை வைத்து, ஓரம் பிடித்துக் கத்திரியால் வெட்ட வேண்டும், ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில். நான் முக்கி முக்கி வெட்டுவதைத் திண்ணையிலிருந்து பார்த்துவிட்டு, "ஏட்டி, கை வலிச்சா தப்பு உன்மேல இல்ல, கத்திமேல. நல்ல கத்தி தானா போவும். சத்தத்தக் கேளு, சத்தம் மாறினா நிப்பாட்டு" என்றார்கள். அவர்கள் கத்திரிக்குச் சொன்னது என் கட்டருக்கும் அப்படியே பொருந்தியது. புது பிளேடு காட்டனில் ஓடும்போது சர்ரென்று ஒரே சீரான மெல்லிய சத்தம்தான் வரும். பல் விழுந்தால் அதற்கு நடுவில் டிக், டிக், டிக். மழுங்கினால் கரகரவென்று மேட்டைச் சுரண்டுகிற சத்தம். காதால் கேட்டே மாற்றிவிடலாம், துணி வீணாகும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஆனால் சத்தம் மாறினதும் உடனே பிளேடைத் தூக்கிப் போடாதீர்கள். அப்படி நான் வீணாக்கினது குறைந்தது நாலு இருக்கும். முதலில் கட்டரைக் கழற்றிப் பாருங்கள். பிளேடுக்கும் பிளாஸ்டிக் மூடிக்கும் நடுவில் பஞ்சுத்தூசி சேர்ந்து, சாம்பல் நிறத்தில் மோதிரம் போல இறுகிக் கிடக்கும். அது பிளேடைச் சுழலவிடாது. சுழலாத பிளேடு துணியை வெட்டாது, ஒரே இடத்தை வைத்து இழுக்கும். அந்த ஓர் இடம் மட்டும் தேய்ந்து, மற்றக் கூரெல்லாம் புதுசாகவே இருக்கும். மெத்தென்ற துணியால் துடைத்து, மையத்துக்குப் பக்கத்தில் தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டு, மிச்ச எண்ணெயைத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். பிளேடை வெளியே எடுக்குமுன் திருகு, வாஷர், பிளேடு எந்த வரிசையில் இருந்தன என்று போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்வது நல்லது. வளைந்த வாஷரைத் தலைகீழாகப் போட்டால் பிளேடு ஆடும். திருகைத் தளர்வாக விட்டாலும் ஆடும், ரொம்ப இறுக்கினால் சுற்றாது. விரலால் தள்ளாமல், மேட்டில் உருட்டினால் தானாகச் சுற்ற வேண்டும், பக்கவாட்டில் ஆடக்கூடாது. அந்த இறுக்கம் போதும். புது பாக்கெட் பிரிக்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். பிளேடுகளுக்கு எண்ணெய் பூசியிருப்பதால் இரண்டு ஒட்டிக்கொண்டு ஒன்று போல வரும். இரண்டையும் சேர்த்து மாட்டிவிட்டு "புது பிளேடே வெட்டலியே" என்று ஒரு பெண் என்னிடம் கொண்டுவந்தாள்.

மேட்டையும் சந்தேகப்படுங்கள். தினமும் அதே கோட்டில் வெட்டினால் அங்கே பள்ளம் விழும். துணி பள்ளத்துக்குள் அமுங்கிவிடும், பிளேடு அதன் மேலே போய்விடும். நூல் அறாமல் நிற்கும், பழி பிளேடுமேல் விழும். மேட்டைத் திருப்பிப் போட்டு, வேறு இடத்தில் வெட்டிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். நம்மூர் சித்திரை வெயில் மேட்டுக்கு ஆகாது. மொட்டைமாடியில் வைத்து ஒரு மணி நேரம் மறந்தேன், சுளகு மாதிரி வளைந்துவிட்டது. மேட்டின்மேல் சுடச்சுட காப்பி டம்ளர்கூட வைக்காதீர்கள்.

ஸ்கேல் விஷயம் சின்னது, ஆனால் முக்கியம். டெய்லர் கடை இரும்பு ஸ்கேல் வேண்டாம், பிளேடு அதில் ஒரு தடவை உரசினால் பல் நிச்சயம். பள்ளிக்கூடப் பிளாஸ்டிக் ஸ்கேல் மெலிசு, பிளேடு அதன்மேல் ஏறி விரலுக்கு வந்துவிடும். மூன்று மில்லிமீட்டர் தடிமன் அக்ரிலிக்தான் சரி. கட்டரை ஸ்கேல் பக்கம் சாய்க்காமல் நேராகப் பிடியுங்கள்.

மழைக்காலம் தனிக் கவனம் கேட்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையில் தாமிரபரணி சிந்துபூந்துறைக்குள் வந்தது, எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது. பீரோவின் கீழ்த்தட்டில் நான் சேர்த்து வைத்திருந்த பிளேடு பாக்கெட் முழுக்க நனைந்துவிட்டது. தண்ணீர் வடிந்து, சகதி அள்ளி, வீடு பழையபடி ஆக நாள் ஆனது. அதற்குப் பிறகு பாக்கெட்டைத் திறந்தால் ஒவ்வொரு பிளேடின் கூரிலும் செம்புள்ளி. துடைத்துவிட்டு மாட்டினேன். துரு இருந்த இடமெல்லாம் பல்தான். பத்தும் போனது. அவ்வளவு வேண்டாம், ஐப்பசி, கார்த்திகையின் ஈரக்காற்றே போதும், எண்ணெய் துடைத்துப் போட்ட பிளேடு கறுத்துவிடும். இப்போது எண்ணெய் தடவிய காகிதத்தில் சுற்றி, மாத்திரை டப்பாவில் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்களோடு மூடிவைத்து, மேல்தட்டில் வைக்கிறேன்.

தீட்ட முடியாதா என்பதுதான் எல்லோருக்கும் வரும் கேள்வி. நாம் எதையும் சாணை பிடித்துப் பழகினவர்கள். அரிவாள்மணை, கத்திரி, தேங்காய்த் துருவியின் பல் உட்பட எல்லாவற்றுக்கும் மறுபிறவி உண்டு. எங்கள் தெருவுக்குச் சைக்கிளில் வரும் சாணைக்காரரிடம் பத்துப் பிளேடைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒன்றை எடுத்து விரல்களுக்கு நடுவில் லேசாக வளைத்துப் பார்த்தார். "யக்கா, இது காயிதம் மாதிரி இருக்கு. கல்லுல வச்சா சூடேறி டெம்பர் போயிரும். சுத்திவர ஒண்ணுபோல வராது. துட்டு வாங்கிட்டு உங்களுக்குக் கெடுத்துத் தர மாட்டேன்" என்று திருப்பிக் கொடுத்தார். டெம்பர் என்றால் எஃகின் கெட்டித்தன்மை. அவர் சொன்னது சரிதான். தடிமன் சுமார் 0.3 மில்லிமீட்டர்தான் இருக்கும்.

அலுமினியத் தாளை ஆறேழு மடிப்பு மடித்து அதில் வெட்டினால் கூர் திரும்பும் என்பார்கள். செய்து பார்த்தேன். கூரில் ஒட்டியிருக்கிற பிசிறு போவதால் சில மீட்டர் நன்றாக ஓடும், அப்புறம் பழைய கதைதான். விழுந்த பல்லுக்கு அது ஒன்றும் செய்யாது. சாணைபோல உரசும் சின்னக் கருவி ஒன்றும் வாங்கினேன். வெட்டியது, ஆனால் துணி ஓரம் பிசிறாக வந்தது. அந்தக் காசுக்கு மூன்று நல்ல பிளேடு வாங்கியிருக்கலாம்.

இந்தக் கட்டரின் பிறப்பைத் தெரிந்துகொண்டபோது எனக்கு மனசு ஆறியது. மழுங்கின நுனியை ஒடித்துப் போட்டுவிட்டு அடுத்த நுனியால் வெட்டுகிற கட்டர் கத்தி நம் ஸ்டேஷனரிக் கடைகளில் தொங்குமே, அதை 1956-இல் உருவாக்கியவர் ஜப்பானின் ஒசாகாவைச் சேர்ந்த யோஷியோ ஒகாடா. அவருடைய ஓல்ஃபா கம்பெனிதான் 1979-இல் இந்த வட்டக் கத்தியையும் கொண்டுவந்தது. ஓல்ஃபா என்ற பெயருக்கே ஜப்பானிய மொழியில் ஒடிக்கும் பிளேடு என்பதுதான் அடிப்படை. தீட்டி வைத்துக்கொள்ளும் எண்ணமே இல்லாமல், தீர்ந்தால் மாற்றுவதற்கென்று பிறந்த பொருள் இது. அதை நூல்கண்டு மாதிரி நினைக்க ஆரம்பித்தேன். போர்வைக்கு விலை சொல்லும்போது நூல், பஞ்சு விரிப்போடு பிளேடையும் கணக்கில் சேர்த்துவிடுகிறேன்.

ஆனாலும் மழுங்கினது உடனே குப்பைக்குப் போவதில்லை. காட்டனுக்கு ஆகாத பிளேடின் நடுப்பகுதியில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துவிடுவேன். அது பஞ்சு விரிப்பையும் பாலியஸ்டரையும் வெட்டும். பாலியஸ்டர் பஞ்சு கூரை வேகமாகக் கெடுக்கும், புது பிளேடை அதில் ஓட்ட மனசு வராது. அங்கேயும் ஆகாமல் போனால் இரண்டாவது புள்ளி. அந்தப் பிளேடு, டெம்ப்ளேட் வெட்டுகிற காகிதத்துக்கும் அட்டைக்கும். ஒரு பிளேடுக்கு இப்படி மூன்று வேலை.

சரி, எத்தனை போர்வை? என் நோட்டில் இருப்பதைச் சொல்கிறேன். புதுக் காட்டன், மடித்து வெட்டினால் எனக்கும் ஒரு பிளேடு மூன்று போர்வை வருகிறது. பிட்டுத் துணி, நாலாக அடுக்கி வெட்டினால் இரண்டு. ஒவ்வொரு துண்டாக வெட்டினால் ஒன்று முடிவதற்குள் சத்தம் மாறிவிடும். கஞ்சி போட்டு மொடமொடவென்று இருக்கும் துணியானால் இன்னும் குறையும், அதனால்தான் முதலில் துவைத்துவிடுகிறேன். உள்ளூரில் கிடைக்கிற மலிவு பிளேடு சிலது முதல் நாள் இதே மாதிரி வெட்டும், ஒரு போர்வைக்குள் படுத்துவிடும். மாட்டின தேதியை எழுதாதீர்கள், அதில் ஒன்றும் தெரியாது. எந்தத் துணி, எத்தனை சதுரம், எத்தனை அடுக்கு என்று ஒரு வரி எழுதி வையுங்கள்.

மூன்று வேலையும் முடிந்த பிளேடுகளுக்கு எங்கள் வீட்டில் ஒரு பழைய பவுடர் டப்பா இருக்கிறது. மூடியில் சின்னக் கீறல் போட்டிருக்கிறேன், உள்ளே போடலாம், வெளியே வராது. மழுங்கின பிளேடு துணியைத்தான் வெட்டாது, விரலை நன்றாகவே வெட்டும். குப்பையைக் கையால் பிரிக்கிற தூய்மைப் பணியாளர் கைக்கு அது போகக்கூடாது. டப்பா நிறைந்ததும் கீறலை மூடிச் சுற்றிலும் டேப் ஒட்டி, பெரிய எழுத்தில் "பிளேடு" என்று எழுதி, பழைய இரும்புக் கடையில் நானே கையில் கொடுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று வாயாலும் சொல்லிவிட்டு வருகிறேன்.